காதற் பாட்டைக் குற்றக்கூண்டில் ஏற்றாதீர்!

காதற் பாடல்களை இளையோரின் பகைவர் என்று பறைசாற்றும் வழக்கம் நம் பங்குகளில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. தியானக் கூட்டங்களிலும் இளையோர் பாசறைகளிலும், சில வேளைகளில் ஞாயிறு மறையுரைகளிலும்கூட, திரைப்படக் காதற் பாட்டைக் கேட்பது பாவத்திற்கு முதற்படி என்று அடித்துச் சொல்லப்படுகிறது. முன்பு ஒலிநாடாக்களை உடைக்கச் சொன்னார்கள். இன்று கைப்பேசியிலிருந்து அழிக்கச் சொல்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது, கட்டளை மாறவில்லை. இக்கட்டளை விவிலியத்திற்கும் ஒவ்வாதது, தமிழ் மரபுக்கும் ஒவ்வாதது, எவருடைய நலனுக்காகச் சொல்லப்படுகிறதோ அந்த இளையோருக்கே கேடு விளைப்பது என்பது என் துணிபு.

அண்மையில் செண்பகத்தோப்புக்கு உலாச் சென்ற ஓர் இளையோர் குழுவோடு நானும் சென்றிருந்தேன். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு தொடங்கும் இடம் அது. அங்கே மரநிழலில் உரையாற்ற வந்த போதகர் ஒருவர், "உங்கள் கைப்பேசியில் இருக்கும் காதற் பாட்டுகளை இப்போதே, என் கண்முன்னே அழித்துவிடுங்கள்" என்றார். சிலர் அழித்தனர், சிலர் அழிப்பதுபோல் நடித்தனர். இராசபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் பெண்ணொருத்தி மட்டும் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தாள். கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தாள். "சாமி, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு விடுதிக்கு வந்தா பேசுறதுக்கு ஆள் இல்ல. பாட்டுத்தான் துணை. அதையும் அழிக்கச் சொன்னா எப்படி சாமி?" என்று கேட்டாள். "அழிக்காதே, அம்மா" என்றேன். அந்த இரு சொற்களுக்கு உரிய காரணங்களை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதற் பாட்டின்மீது சுமத்தப்படும் குற்றங்கள் மூன்று. ஒன்று, அது உடலின் ஆசையைத் தூண்டுகிறது. இரண்டு, அது பொய்யான கனவுகளில் இளையோரை மிதக்கவிடுகிறது. மூன்று, அது உள்ளத்தை இறைவேண்டலுக்குத் தகுதியற்றதாக்குகிறது. வாய்விட்டுச் சொல்லப்படாத நான்காவது குற்றம் ஒன்றும் உண்டு. உண்மையில் மற்ற மூன்றுக்கும் வேர் அதுவே. அதைப் பின்னர்க் காண்போம்.

முதலில், அந்த உரை நிகழ்ந்த மண்ணை எண்ணிப் பாருங்கள். செண்பகத்தோப்பிலிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது திருவில்லிபுத்தூர். பெரியாழ்வார் தம் நந்தவனத்தில் துளசிச் செடியின் அருகே கண்டெடுத்து, கோதை எனப் பெயரிட்டு வளர்த்த பெண் குழந்தையின் ஊர் அது. இளம்பருவத்திலேயே அப்பெண் பாடியவை இரண்டு நூல்கள். முப்பது பாடல் கொண்ட திருப்பாவையை அறியாத தமிழர் இலர். 143 பாடல் கொண்ட நாச்சியார் திருமொழியை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். இந்த இரண்டாம் நூல் முழுவதும், அன்பரைக் காணாமல் வாடும் ஓர் இளம்பெண்ணின் தனிமைக் குரலாகவே ஒலிக்கிறது. மன்மதனை வேண்டித் தை மாதத்தில் நோன்பு இருக்கிறாள். குயிலை அழைத்துத் தூது போகச் சொல்கிறாள். மேகத்திடம் செய்தி சொல்லி அனுப்புகிறாள். திருமாலின் இதழைத் தொட்ட சங்கின்மேல் பொறாமை கொள்கிறாள். தன் திருமணம் நடந்தேறியதாகக் கனவு கண்டு, அதைத் தோழியிடம் ஒவ்வொரு சடங்காக எடுத்துரைக்கிறாள்.

அவள் பாடியது மானிடக் காதலை அன்று, திருமாலையே என்பர் வைணவப் பெரியோர். அது அவர்கள் சமயத்தின் உள்ளுரை. அதில் புகுந்து தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. உலகிலேயே உயர்ந்தது எனத் தான் கருதியதைச் சொல்ல அவள் தேர்ந்துகொண்ட மொழி காதலின் மொழி. ஏக்கம், ஊடல், கோபம், உடல் மெலிதல், உறக்கமின்மை ஆகிய எதையும் அவள் விலக்கவில்லை. அவளைச் சூழ இருந்த சான்றோரும் அவள் வாயை அடைக்கவில்லை. அவள் பாடல்களை நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் ஆழ்வார்களின் பாடல்களுக்கு நிகராக வைத்தார்கள். அந்த மணக்கனவுப் பதிகத்தை இன்றும் வைணவத் திருமணங்களில் ஓதுகிறார்கள். அந்த ஊரின் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, காதற் பாட்டு தீட்டு என்று பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

தமிழ் மரபில் இது விதிவிலக்கு அன்று; இதுவே விதி. நற்றிணை 400, அகநானூறு 400, குறுந்தொகை 400 என்று நம் முன்னோர் தொகுத்து வைத்த பாடல்கள் அனைத்தும் காதற் பாடல்களே. அகப்பாட்டில் வரும் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சூட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஏன் இந்த நெறி? இன்னாருடைய காதல் என்று பெயர் சொன்னால் அது அவர்களுடைய கதையாகிவிடும். பெயர் இல்லாதபோது, கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதற்குள் ஓர் இடம் கிடைக்கிறது. தனிமையில் வாடும் ஒருவன் அந்த வெற்றிடத்தில் தன்னையே வைத்துப் பார்க்கிறான். தன் நோவுக்கு வேறொருவர் முன்னமே சொல் கண்டிருப்பதை உணர்கிறான். நல்ல திரைப்பாடலும் இந்த விதியைத்தான், அறிந்தோ அறியாமலோ, பின்பற்றுகிறது. அது காதலியின் பெயரைச் சொல்வதில்லை; நிலவையும் தென்றலையும் அழைத்துக்கொள்கிறது. கோதை மட்டும் இவ்விதியை மீறினாள். பதிகங்களின் இறுதியில் தன் பெயரையும் தன் தந்தையின் பெயரையும் பொறித்தாள். ஆசைப்பட்டது நான்தான் என்று ஒப்பமிட்டுச் சொன்ன பெண் அவள்.

"ஐயா, இவையெல்லாம் இலக்கியமும் பிற சமயமும் ஆயிற்றே, நம் மறை என்ன சொல்கிறது?" என்று சிலர் கேட்கலாம். திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். சபை உரையாளருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது இனிமைமிகு பாடல். எட்டே அதிகாரங்கள். ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் ஒருவரையொருவர் தேடுவதும் காண்பதும் இழப்பதும் மீண்டும் தேடுவதுமே அதன் பொருள். கடவுளை விளிக்கும் ஒரு வேண்டுதல்கூட அதில் இல்லை, கட்டளை இல்லை, தண்டனை பற்றிய எச்சரிக்கையும் இல்லை. திராட்சைத் தோட்டமும் மாதுளையும் மலைச்சரிவும் இரவுநேரத் தெருக்களும்தாம் இருக்கின்றன. இந்நூல் திருநூல்களுள் அடங்குமா என்று யூத அறிஞரிடையே ஐயம் எழுந்தபோது, இரபி அக்கிபா அதன் பக்கம் உறுதியாக நின்றார். அதே அக்கிபா, இப்பாடலை விருந்து மண்டபங்களில் வெறுங் கேளிக்கையாகப் பாடியவர்களைக் கடிந்தார் என்றும் மரபு கூறுகிறது. பாட்டை இழிவாக நினைத்ததால் அவர் கடிந்துகொள்ளவில்லை. அதன் மதிப்பை அறிந்ததால் கடிந்துகொண்டார். நம் போதகர்களோ மதிப்பையும் அறியாமல் கடிந்துகொள்கிறார்கள்.

திருச்சபையின் தந்தையர் இந்நூலுக்கு அஞ்சவில்லை. ஒரிஜென் இதற்கு விளக்கவுரை எழுதினார். புனித பெர்நார்து 1135-ஆம் ஆண்டு தொடங்கி, 1153-இல் தம் இறப்பு வரை, இந்த ஒரு நூலைப் பற்றியே 86 மறையுரைகள் ஆற்றினார். அப்படியும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை. துறவு மடத்தில், மணம் துறந்த ஆண்கள் நடுவே, காதலர் முத்தத்தைப் பற்றிய வரியை எடுத்துவைத்துக்கொண்டு நாள்கணக்கில் உரையாற்றிய புனிதர் அவர். இன்று நம் குருக்களுள் எத்தனை பேர் இந்நூலிலிருந்து ஒரு மறையுரையேனும் ஆற்றியிருக்கிறார்கள்? நம் வாசகத் திட்டத்தின்படி ஞாயிறு திருப்பலிகளில் இந்நூல் இடம்பெறுவதே இல்லை. டிசம்பர் 21-இலும், புனித மகதலா மரியாவின் விழாவாகிய ஜூலை 22-இலும், திருமணம் போன்ற சில திருப்பலிகளிலும் விருப்ப வாசகமாக வருவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு வரும் ஒரு கத்தோலிக்கர், விவிலியத்தில் இப்படியொரு நூல் இருப்பதை அறியாமலேயே கல்லறைக்குச் சென்றுவிடலாம்.

அஞ்சியவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்கள் செய்ததையும் காண்போம். 16-ஆம் நூற்றாண்டில் இசுபானிய நாட்டின் சலமாங்காப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த அகுஸ்தீன் சபைத் துறவி லூயிஸ் தெ லெயோன், இனிமைமிகு பாடலைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. 1572 முதல் 1576 வரை சமய விசாரணை மன்றத்தின் சிறையில் வாடினார். அவிலா நகர்ப் புனித தெரேசா இதே நூலைப் பற்றித் தம் சிந்தனைகளை எழுதினார். ஒரு பெண் இப்பொருளைப் பற்றி எழுதுவதா என்று அஞ்சிய ஆன்ம குரு, அதைத் தீயிலிடக் கட்டளையிட்டார். தெரேசா கீழ்ப்படிந்தார். ஆனால் சகோதரிகள் எடுத்து வைத்திருந்த படிகள் தப்பின. நூல் 1611-இல் அச்சேறியது. 1970-இல் திருச்சபை அதே தெரேசாவை மறைவல்லுநர் என்று அறிவித்தது. எரித்தவரின் பெயரை ஆய்வாளர் மட்டுமே அறிவர். எரிக்கப்பட்ட நூலோ இன்றும் படிக்கப்படுகிறது. பாட்டை அழிக்கச் சொல்வோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

புனித சிலுவை அருளப்பரை நினைவுகூருங்கள். 1577 டிசம்பரில் சொந்தச் சபையாராலேயே கடத்தப்பட்டு, தொலேதோ நகரில் ஒரு சிற்றறையில் அடைக்கப்பட்டார். 1578 ஆகஸ்டில் தப்பும் வரை இருளும் பசியும் கசையடியும் அவருக்குத் துணை. அந்த அறையில்தான் அவருடைய மாபெரும் ஆன்மிகக் காதற்கவிதை பிறந்தது. சிறையின் சுவருக்கு வெளியே தெருவில் எவனோ ஓர் இளைஞன் பாடிக்கொண்டு போன காதற் பாட்டு அவர் செவியில் விழுந்து உள்ளத்தை உலுக்கியது என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு செய்தி வழங்குகிறது. தெருப்பாட்டு அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை. தனிமையில் கிடந்த அவருடைய நாவைத் திறந்துவிட்டது. காதற் பாட்டு இறைவேண்டலுக்கு இடையூறு என்னும் மூன்றாம் குற்றச்சாட்டுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

நம் தமிழ்க் கிறித்தவ முன்னோரும் இதில் பின்தங்கவில்லை. வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னைக்குத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கலம்பகமோ அகத்துறைகளையும் புறத்துறைகளையும் கலந்து தொடுக்கும் மாலை. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தலைவன் உலா வரக் கண்டு தலைவி மயங்குவதும், ஏங்குவதும், குறத்தி வந்து குறி சொல்வதுமே குறவஞ்சியின் அமைப்பு. அதில் சீயோன் மகளைத் தலைவியாக்கி, கிறித்துவைத் தலைவனாக்கினார் அவர். ஊர்க் கூத்து மேடையின் காதல் வடிவத்தை எடுத்துத் தம் ஆண்டவருக்குச் சூட்டத் தயங்காத நெஞ்சுரம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு ஏன் இல்லை?

இங்கே ஒரு மறுப்பு எழும். "பெர்நார்து பாடியதும் தெரேசா பாடியதும் இறைக்காதல், திரைப்பாட்டு பாடுவது உடற்காதல். இரண்டும் ஒன்றாகுமா?" கேட்க வேண்டிய கேள்வியே. இதற்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 நாளிட்ட தம் முதல் சுற்றுமடலில் விடை தந்திருக்கிறார். இனிமைமிகு பாடலில் உள்ளவை தொடக்கத்தில் மானிடக் காதற் பாடல்களே. யூதத் திருமண விருந்துக்காகப் பாடப்பட்டவையாக இருக்கலாம் என்னும் அறிஞர் கருத்தை அவர் அங்கே ஏற்றுப் பேசுகிறார். விரும்பிப் பற்றும் அன்பையும் தன்னையே கையளிக்கும் அன்பையும் அறவே துண்டித்துவிட்டால் கிறித்தவம் மானிட வாழ்விலிருந்தே துண்டிக்கப்பட்டுவிடும் என்பது அம்மடலின் உட்கிடை. அவருக்கு முன் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமைதோறும் மானிட உடலின் மாண்பைப் பற்றி உரையாற்றினார். அவ்வுரைகளில் இப்பாடலுக்கும் இடம் தந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் ஊக்கவுரையில், காதல் வேட்கையைக் கடவுளின் கொடையாகவே போற்றினார். உரோமைக்கு அச்சமில்லாத ஒன்றுக்கு நம் ஊர்ப் பாசறையில் மட்டும் ஏன் இத்தனை அச்சம்?

நூல் சான்றுகள் போதும்; வாழ்வுக்கு வருவோம். 1986-இல் எனக்கு வயது பதினாறு. ஊரை விட்டு, வீட்டை விட்டு, விடுதியில் தங்கிப் படித்த ஆண்டு அது. ஐம்பது மாணவர் நடுவே இருந்தும் ஒருவரிடமும் மனந்திறந்து பேச இயலாத பருவம். அவ்வாண்டு வெளிவந்த 'மௌன ராகம்' படத்தில், வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய, தென்றலை வைத்துத் தொடங்கும் பாடல் ஒன்று உண்டு. விடுதிச் சுவருக்கு அப்பால் இருந்த தேநீர்க் கடையின் வானொலி அதை மாலைதோறும் கொண்டுவந்து தந்தது. படத்தை நான் பார்த்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. எனக்கு அப்போது காதலியும் இல்லை, காதலும் இல்லை. ஆயினும் அப்பாட்டு என்னுடைய பாட்டாயிற்று. பேசத் தெரியாத ஒரு சிறுவனின் நெஞ்சுக்குள் இருந்ததை முன்பின் அறியாத மூவர் சேர்ந்து சொல்லிவிட்டார்கள் என்ற ஆறுதல் அது. அதே ஆறுதலைப் பின்னாளில் திருப்பாடல்களில் கண்டபோது, அது எனக்கு முன்னமே அறிமுகமானதாக இருந்தது. அப்பாட்டு என் அழைத்தலைக் கெடுக்கவில்லை. மனித நெஞ்சம் இன்னொரு நெஞ்சத்துக்காக எப்படிக் காத்திருக்கும் என்று கற்பித்தது. ஒப்புரவு அருளடையாளத் தொட்டியில் அமர்ந்து பிறர் நோவைக் கேட்க வேண்டிய ஒருவனுக்கு அது சிறு பாடம் அன்று.

அப்பாடல் கற்பிப்பதைச் சற்றே உற்று நோக்குங்கள். மனம் ஒப்பாமல் மணந்துகொண்டு விலகி நிற்கும் மனைவியையும், அவளை வற்புறுத்தாமல் காத்திருக்கும் கணவனையும் பற்றிய கதை அது. தாலி கட்டிய உரிமை இருந்தும், மனத்தைக் கேட்டுத்தான் பெறவேண்டும், பறித்துக்கொள்ள இயலாது என்பதே அக்கதையின் அறம். ஆண்பிள்ளைகளுக்கு இந்த அறத்தை நம் மறைக்கல்வி நூல்களுள் எது இத்துணை ஆழமாகப் பதிய வைக்கிறது? காதற் பாட்டு பொய்க்கனவு என்னும் இரண்டாம் குற்றச்சாட்டு இங்கே நிற்காது. பெண்ணின் மனம் ஒரு பொருட்டே இல்லை என்று நம்பும் சமுதாயத்தில், அவளுடைய மனத்தைக் கேட்கும் பாட்டைவிட மெய்யானது வேறு எது?

எல்லாப் பாட்டுகளுக்கும் நான் வழக்குரைஞன் அல்லன். பெண்ணைத் துரத்துவதே வீரம், அவள் மறுத்தால் பழிப்பதே ஆண்மை என்று கற்பிக்கும் பாடல்களும் நம் திரையில் மலிந்து கிடக்கின்றன. அவை காதற் பாடல்களே அல்ல, வேட்டைப் பாடல்கள். அவற்றைக் கடிவதில் நான் எவருக்கும் பின்நிற்கமாட்டேன். ஆனால் வேட்டைப் பாட்டையும் காதற் பாட்டையும் ஒரே நெருப்பில் எறிபவர், இளைஞனுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுத்தரும் வாய்ப்பையும் சேர்த்தே எரித்துவிடுகிறார். களையைப் பிடுங்கும்போது கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்று ஆண்டவர் எச்சரித்தது இத்தகைய ஆர்வலர்களைக் கருதித்தான். ஆசையைத் தூண்டும் என்னும் முதற் குற்றச்சாட்டுக்கும் விவிலியமே வழிகாட்டுகிறது. காதலைக் காலத்திற்கு முன் தட்டி எழுப்ப வேண்டாம் என்று எருசலேம் மங்கையரிடம் இனிமைமிகு பாடல் மும்முறை வேண்டிக்கொள்கிறது. அந்த எச்சரிக்கை பாட்டுக்கு வெளியே தடையுத்தரவாக நிற்கவில்லை; பாட்டுக்குள்ளேயே, காதலியின் வாயாலேயே வருகிறது. காதலைப் பாடத் தெரிந்தவளுக்கே காதலை அடக்கவும் தெரியும்.

இனி, சொல்லப்படாத அந்த நான்காவது குற்றம். காதற் பாட்டுக்கு அஞ்சும் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் உண்மையில் அஞ்சுவது பாவத்திற்கு அன்று; சாதி கலந்துவிடுமோ என்பதற்கே. மகள் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறாள் என்றால், "படிப்பு கெடும்" என்கிறார்கள். சில மாதங்களில் படிப்பை நிறுத்தி, பதினெட்டு முடிந்த கையோடு முறைமாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கிறார்கள். படிப்பின்மேல் இருந்த அக்கறை அப்போது எங்கே போயிற்று? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், மக்கள் நடமாடும் சாலையில், காதலித்து மணந்த ஒரே குற்றத்துக்காகத் தலித் இளைஞர் ஒருவர் மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். வயது வந்த இருவர் தம் விருப்பப்படி மணந்துகொள்வதில் குடும்பமோ சாதிக்கூட்டமோ தலையிட உரிமை இல்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வெட்டரிவாள் ஓயவில்லை. இறந்தோரின் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவரைக் கட்டிய திருச்சபை நம்முடையது. உயிரோடு இருப்போரின் நெஞ்சில் சாதிச் சுவர் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வோம்?

இதை அறியாமல் பேசும் போதகர், தாம் கற்பைக் காப்பதாக நினைத்துக்கொண்டு சாதியின் காவற்காரராகிவிடுகிறார். பாட்டை அழி என்று அவர் சொல்கிறார். அதைக் கேட்டு மகிழ்பவரோ பெண்ணின் விருப்பத்தையே அழிக்க எண்ணியிருப்பவர். அறிந்தோ அறியாமலோ இருவரும் ஒரே வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் கூட்டு வேலை திருமண அருளடையாளத்தின் அடித்தளத்தையே தகர்க்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1057-இல், திருமணத்தை ஆக்குவது மணமக்களின் இசைவே என்கிறது. அந்த இசைவை வேறு எந்த மனித ஆற்றலாலும் ஈடுசெய்ய இயலாது என்றும் சொல்கிறது. எண் 1103, வன்முறைக்கோ கடும் அச்சத்துக்கோ ஆட்பட்டுச் செய்யும் திருமணம் செல்லாது என்கிறது. ஆயர் வந்து ஆசி வழங்கினாலும், ஆயிரம் பேருக்கு விருந்து வைத்தாலும், அந்த ஒரு "ஆம்" உள்ளத்திலிருந்து வராவிட்டால் அங்கே திருமணம் இல்லை. அப்படியானால் நம் பெண்பிள்ளைகள் அந்த "ஆம்" என்னும் சொல்லை எங்கே பயில்வார்கள்? தனக்கென ஒரு விருப்பம் இருக்கலாம் என்பதையே அறியாமல் வளர்ந்தவளிடம், பீடத்தின் முன் நின்று, "மனமுவந்து சம்மதிக்கிறாயா?" என்று கேட்பது கேலிக்கூத்து அல்லவா? விருப்பம் என்பது என்ன, அதற்காகக் காத்திருப்பது என்ன, அது மறுக்கப்பட்டால் தாங்கிக்கொள்வது எப்படி என்பதையெல்லாம் பதின்பருவத்தில் ஒத்திகை பார்க்கும் இடமே காதற் பாட்டு. ஒத்திகையைத் தடைசெய்துவிட்டு அரங்கேற்றத்தை எதிர்பார்ப்பது பேதைமை.

எனவே வெறுமனே தடுக்காதீர் என்று சொல்லி நிறுத்தாமல், செய்யவேண்டியவற்றையும் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு பங்கிலும் இனிமைமிகு பாடலை முழுமையாக இளையோருக்குப் படித்து விளக்குவோம்; எட்டு அதிகாரத்துக்கு ஒரு மாலைப் பொழுது போதும். இளையோர் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த காதற் பாட்டைக் கொண்டுவரட்டும்; இது காத்திருக்கக் கற்பிக்கிறதா, வேட்டையாடக் கற்பிக்கிறதா என்று அவர்களே பகுத்துப் பார்க்கட்டும். நம் தீர்ப்பைவிட அவர்கள் தீர்ப்பு கடுமையாக இருக்கும் என்பதை என் பட்டறிவில் சொல்கிறேன். திருமண ஓலை வாசிக்கும் முன், மணப்பெண்ணைத் தனியே அழைத்து, அவளுடைய மனத்தைக் குருவானவர் கேட்கட்டும். அவள் தயங்கினால் ஓலையை நிறுத்தும் துணிவு அவருக்கு இருக்கட்டும். சாதி கடந்து மணக்க வருவோருக்குக் கோயிற் கதவு முதலில் திறக்கட்டும். நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் நம் பெண்பிள்ளைகளை மாதம் ஒரு முறையேனும் போய்ப் பார்ப்போம். பேச ஆள் இல்லாததால் பாட்டைத் துணையாகக் கொண்டவளிடம் பாட்டைப் பறிக்கும் உரிமை, பேச ஆளாக ஒருநாளும் போய் நிற்காதவருக்கு இல்லை.

செண்பகத்தோப்பு மலைக்கு மறுபுறம், வருசநாட்டுக் குன்றுகளையும் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது இளையராஜா பிறந்த பண்ணைப்புரம். மலைக்கு இந்தப் புறம் கோதை பிறந்த ஊர். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்க் காட்டையும், மேகமலைக் காட்டையும் இணைத்து 2021-இல் ஒரே புலிகள் காப்பகமாக அரசு அறிவித்தது. அழியும் உயிர்களைக் காக்க வேண்டுமானால் காடுகள் துண்டுபடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் பின்னே உள்ள அறிவு. மனித உள்ளத்துக்கும் அதுவே விதி. உடலின் ஏக்கம் ஒரு காடு, ஆன்மாவின் ஏக்கம் வேறொரு காடு என்று நடுவே வேலி போட்டால் இரண்டிலும் உயிர்கள் அழியும். மனிதரைக் காதலிக்கத் தெரியாத நெஞ்சுக்குக் கடவுளைக் காதலிக்கவும் தெரியாது. கண்ணால் காணும் சகோதரரிடம் அன்பு கொள்ளாதவர் காணாத கடவுளிடம் அன்பு கொள்ள இயலாது என்று புனித யோவான் தம் திருமுகத்தில் சொன்னதன் பொருள் இதுவும்தான்.

ஆகவே, அருள்கூர்ந்து கேட்டுக்கொள்கிறேன். இளையோரின் கைப்பேசியில் எந்தப் பாட்டு இருக்கிறது என்று சோதிக்கும் முன், அப்பாட்டு எந்தத் தனிமைக்கு மருந்தாக அங்கே வந்தது என்று கேளுங்கள். விடை கிடைத்தபின்னும் அழிக்கச் சொல்லத் தோன்றினால், முதலில் உங்கள் விவிலியத்திலிருந்து அந்த எட்டு அதிகாரங்களைக் கிழித்துவிட்டு வாருங்கள்.